முதலில் பார்க்கப்போவது நீங்களாக இருக்கலாம்: இரவில் விழித்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நைட் ஷிப்ட் பார்க்கும் தோழர்களுக்கும், கடலில் வலை விரித்துக் காத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், வார்டில் விழித்திருக்கும் செவிலியர் அக்கா தங்கைகளுக்கும், ஆட்டுக்கிடைக்குக் காவல் இருக்கும் கீதாரிகளுக்கும், த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் நடுராத்திரியில் மோட்டார் போட எழுந்து போகும் விவசாயிகளுக்கும், நாற்கரச் சாலையில் விடிய விடிய வண்டி ஓட்டுபவர்களுக்கும், கோழி கூவும் முன்னே உப்பளத்துக்குக் கிளம்பிவிடும் பெண்களுக்கும் வணக்கம்.

நானும் நூற்பாலையில் முழுநைட் பார்த்தவன். டீ குடிக்க வெளியே வந்து நிற்கும்போது தலைக்கு மேல் எவ்வளவு பெரிய வானம் விரிந்து கிடக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். பத்து மணிக்குப் படுத்துவிடுகிறவர்கள் அந்த வானத்தைப் பார்ப்பதே இல்லை. அதைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும் காட்சி என்றாவது ஒரு நாள் நம் வானத்தில் தெரியப்போகிறது. சூப்பர்நோவா என்று அதற்குப் பெயர். நேற்றுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில், அல்லது நாம் பழகிய ஒரு நட்சத்திரம் இருந்த இடத்தில், திடீரென்று ஒரு பேரொளி வந்து நிற்கும். வாரக்கணக்கில் சுடர்விட்டு, பிறகு மாதக்கணக்கில் மெல்ல மங்கும். நம் பால்வழி மண்டலத்தில் நூறாண்டுக்கு ஒன்றோ இரண்டோ நட்சத்திரங்கள் இப்படி வெடிக்கின்றன என்பது வானியலர்கள் போட்டிருக்கும் கணக்கு. பெரும்பாலானவை விண்வெளித் தூசிக்குப் பின்னால் நடந்து, நமக்குத் தெரியாமலே போய்விடுகின்றன. நம் மண்டலத்தில் வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த கடைசி வெடிப்பு 1604 அக்டோபரில். கலிலியோ தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பியது 1609இல். ஐந்தே ஆண்டில் தவறிப்போன வாய்ப்பு அது. அதற்குப் பிறகு நானூறு ஆண்டுகளாக மனிதன் மலைமலையாக ஏறித் தொலைநோக்கி வைத்துப் பார்த்தான், விண்வெளிக்கே தொலைநோக்கிகளை அனுப்பினான். வேறு மண்டலங்களில் வெடிக்கும் நட்சத்திரங்களை இன்று ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் 1604இல் தெரிந்ததைப் போல, நம் சொந்த மண்டலத்தில் கண்கூசச் சுடரும் ஒரு வெடிப்பைத் தொலைநோக்கியில் பார்க்கும் பாக்கியம் இன்னும் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

இதற்கெல்லாம் விஞ்ஞானிகள் இருக்கிறார்களே, நமக்கென்ன என்று தோன்றலாம். 1572 நவம்பர் 11ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். டென்மார்க் அரசின் ஆட்சியில் இருந்த ஸ்கானியா பகுதியில், ஹெர்ரேவாட் மடத்தில், டைக்கோ பிராகி என்ற இருபத்தைந்து வயது இளைஞர் ரசவாதக் கூடத்தில் வேலையை முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழக்கம்போல அண்ணாந்து பார்த்தவருக்குக் காசியோப்பியா என்ற நட்சத்திரக் கூட்டத்தில் அதுவரை இல்லாத ஒரு நட்சத்திரம் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே வானத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர். இருந்தும் தன் கண்ணை அவரால் நம்ப முடியவில்லை. கூட வந்த வேலையாட்களிடம், "அங்கே ஒன்று தெரிகிறதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றார்கள். அதுவும் போதவில்லை. அந்த வழியாக வண்டியில் போன நாட்டுப்புறத்து ஆட்களிடமும் கேட்டார். அவர்களும் தெரிகிறது என்றார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. இதை அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்.

நிலவுக்கு அப்பால் உள்ள வானம் மாறாதது, அங்கே புதிதாக ஒன்று பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது என்று ஐரோப்பா ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தது. டைக்கோ அந்தப் புது நட்சத்திரத்தை அளந்து பார்த்து, அது நிலவுக்கு வெகு அப்பால் இருக்கிறது என்று காட்டினார். பழைய வானம் அதோடு சரிந்தது. அந்தச் சரிவுக்குச் சாட்சி சொன்னவர்களில் இருட்டில் வண்டி ஓட்டிப் போன சில குடியானவர்களும் உண்டு. அவர்கள் பெயர் வரலாற்றில் இல்லை. எனக்கு டைக்கோவைவிட அவர்கள்மேல்தான் பிரியம் அதிகம்.

1604இல் வந்ததை நிறையப் பேர் உடனே பார்த்துவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த மாதம் செவ்வாயும் வியாழனும் நெருங்கி வந்திருந்தன, அதைப் பார்க்க ஏற்கெனவே பலர் அந்தப் பக்கம் கண் வைத்திருந்தார்கள். பிராக் நகரில் மேகம். புருனோவ்ஸ்கி என்ற ஓர் அலுவலர் மேகம் விலகிய கொஞ்ச நேரத்தில் அதைக் கண்டுவிட்டு வானியலர் கெப்ளரிடம் போய்ச் சொன்னார். கெப்ளருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. வானம் தெளிந்து 17ஆம் தேதி அவர் நேரில் பார்த்தார். இன்று அந்த நட்சத்திரத்துக்குக் கெப்ளரின் பெயர்தான்.

இன்னும் நமக்குப் பக்கத்தில் வருகிறேன். 1987 பிப்ரவரி 24, அதிகாலைக்கு முந்தைய நேரம். சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையில் ஓர் ஆய்வகம். அங்கே ஆஸ்கர் துஹால்டே என்பவர் இரவு உதவியாளர். ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பி வைப்பது அவருடைய டியூட்டி. காபி போடும் இடைவேளையில் வெளியே வந்தார். தென்வானில் பெரிய மெகல்லன் மேகம் என்று ஒரு சின்ன நட்சத்திர மண்டலம் வெண்புகை போலத் தெரியும். அதற்குள் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. அவருக்கு அந்த மேகம் தன் வீட்டு வாசல் மாதிரி பழக்கம், அதனால் பார்த்தவுடன் பிடிபட்டுவிட்டது. திரும்பி உள்ளே வந்தார், வேலை அழைத்தது, யாரிடமும் சொல்லவில்லை. சில மணி நேரம் கழித்து, அதே மலையில் வேறொரு தொலைநோக்கியில் படம் எடுத்துக்கொண்டிருந்த இயன் ஷெல்டன் என்ற இளைஞர் தான் கழுவிய படத்தில் ஒரு புது நட்சத்திரத்தைக் கண்டு ஓடிவந்து சொன்னபோதுதான், "நானும் பார்த்தேன்" என்றார் துஹால்டே. 1604க்குப் பிறகு வெறுங்கண்ணுக்குப் புலப்பட்ட முதல் சூப்பர்நோவா அது. அதைக் கருவி இல்லாமல் கண்டுகொண்டவர் ஒரு நைட் டியூட்டிக்காரர்.

அது வெடித்த இடம் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. அந்தத் தூரத்தை யோசித்துப் பாருங்கள்: வெடிப்பின் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது இந்த உலகத்தில் எழுத்து கிடையாது, விவசாயம் கிடையாது. அது நம்மை நோக்கி வந்துகொண்டே இருந்தது. வந்து சேர்ந்த ராத்திரியில் ஒருவர் காபிக்காக வெளியே வந்தார்.

தமிழ்நாட்டுக்கும் அந்த வெடிப்பில் பங்கு உண்டு. வானத்தின் அந்த மூலை நம் ஊரில் தென்அடிவானத்தை ஒட்டி மிகத் தாழ்வாகத்தான் எழும். அப்படியும் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் அதன் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்தார்கள். அதற்கும் நூற்றிருபது ஆண்டு முன்னால், 1867இல், சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதே தென்மூலையில், மெகல்லன் மேகத்துக்குப் பக்கத்துக் கூட்டத்தில், ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆர் ரெடிகுலை என்று அதற்குப் பெயர். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த இடம் அடிவானத்துக்கு மேலே கொஞ்ச தூரம்தான் ஏறும். அவ்வளவு தாழ்ந்த இடத்தில் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் எத்தனை இரவு கண் எரிய விழித்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நட்சத்திரம் ஏன் வெடிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் எடை உள்ள நட்சத்திரங்களுக்கு அந்த விதி. தன் எடையே தன்னை உள்நோக்கி நசுக்கும். நடுவில் எரியும் அணு உலை வெளியே தள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அது வாழ்கிறது. ஹைட்ரஜனை எரித்து முடித்தால் ஹீலியம், அது தீர்ந்தால் கார்பன், பிறகு ஆக்சிஜன், சிலிக்கன் என்று போகும். ஹைட்ரஜன் பல பத்து லட்சம் ஆண்டுகள் வரும். சிலிக்கன் எரிந்து இரும்பாக மாற ஒரு நாள் போதும். இரும்பிலிருந்து சக்தி கிடைக்காது. தள்ளுவதற்கு ஆள் இல்லாமல், பூமி அளவுள்ள நடுப்பகுதி ஒரு நொடிக்குள் உள்ளே விழுந்து, ஒரு நகரத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த அதிர்ச்சிதான் வெளிப்புறத்தைப் பிய்த்து எறிகிறது.

இன்னொரு வகையும் உண்டு. செத்துக் குளிர்ந்துகொண்டிருக்கும் வெண்குள்ளன் என்ற சிறு நட்சத்திரம், பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து பொருளை வாங்கியோ, இன்னொன்றோடு மோதியோ, முழுவதுமாக வெடித்துப்போவது. 1572, 1604, பின்னால் நான் சொல்லப்போகும் 1006 மூன்றும் இந்த வகைதான். வெண்குள்ளன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அந்தக் கணக்கைப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர். கப்பலில் போகும்போதே கணக்கைத் தொடங்கிவிட்டார்.

சரி, அடுத்து எது? யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் கண் வைத்திருப்பது நம் திருவாதிரை மேல். மார்கழியில் களி செய்து, சிதம்பரத்தில் தரிசனம் பார்க்கும் அதே ஆதிரை நட்சத்திரம். மார்கழி முன்னிரவில் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். அவற்றுக்கு இடப்பக்கம், வடக்கே, செம்மஞ்சளாகத் தெரிவது திருவாதிரை. வலப்பக்கம், தெற்கே, நீலம் கலந்த வெள்ளையில் இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் நிறத்தின் வேறுபாடு கண்ணில் பதியும். ஐப்பசியில் அது இரவு பத்து மணிவாக்கில் எழும், ஆடியில் விடிவதற்குச் சற்று முன் தெரியும். ஆனியில் சூரியனோடு சேர்ந்திருப்பதால் பார்க்க முடியாது.

திருவாதிரை சாகும் வயதில் இருக்கும் ஒரு ராட்சத நட்சத்திரம். நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். 2019 நவம்பரிலிருந்து அது மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கே அந்த வேறுபாடு தெரிந்தது. வானில் முதல் பத்துக்குள் நிற்கும் ஒன்று, பக்கத்தில் இருக்கும் இரண்டாம் தர நட்சத்திரத்தின் அளவுக்குக் குறைந்து நின்றது. வெடிக்கப்போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. அது தன் மேற்பரப்பிலிருந்து ஒரு பெரிய வாயுக் கட்டியை உமிழ்ந்து, அது குளிர்ந்து தூசியாகி, நம் பார்வையை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு கண்டார்கள். ஏப்ரலுக்குள் பழைய ஒளி திரும்பிவிட்டது.

வெடிப்பு இன்னும் ஒரு லட்சம் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். அவ்வளவு காலம் என்றால் நமக்கென்ன என்று சோர்ந்துவிட வேண்டாம். "எப்போது வேண்டுமானாலும்" என்பதில் நாளை இரவும் சேர்த்திதான். இன்னொன்றும் உண்டு. அது ஐந்நூறிலிருந்து எழுநூறு ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நாளை நமக்கு அது வெடித்துத் தெரியுமானால், உண்மையில் வெடித்தது இங்கே விஜயநகரப் பேரரசு நடந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டி. அந்த ஒளி ஒருவேளை இப்போதே நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கலாம், எந்தக் கருவியாலும் அதை முன்கூட்டிப் பார்க்க முடியாது. எனக்கு இந்த நினைப்பு வரும் இரவெல்லாம் தூக்கம் பிடிப்பதில்லை.

திருவாதிரை வெடித்தால் அரை நிலாவின் அளவு வெளிச்சம் ஒற்றைப் புள்ளியாகத் திரண்டு நிற்கும். நிலா இல்லாத இரவில் உங்கள் நிழல் தரையில் விழும். பகலிலும் பல வாரம் தெரியும். பிறகு ஓரிரு ஆண்டில் மங்கி, அந்த மூன்று நட்சத்திர வரிசைக்குப் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாகிவிடும். ஆதிரை இல்லாத மார்கழி வரும். உலகம் அழியப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் அன்று ஆயிரம் வரும். பயப்பட வேண்டாம். ஒரு சூப்பர்நோவா நமக்கு உண்மையில் கேடு செய்ய வேண்டுமென்றால் ஏறத்தாழ ஐம்பது ஒளியாண்டுக்குள் வெடிக்க வேண்டும். திருவாதிரை அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கிறது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. சில லட்சம் தலைமுறைகளுக்கு ஒருமுறை வெடிப்பு கொஞ்சம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. அதன் சாம்பல் உங்கள் படகுக்குக் கீழே கிடக்கிறது. பசிபிக், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் மூன்றின் ஆழத்துப் படிவுகளிலும் இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பு கிடைத்திருக்கிறது. அது பூமியில் தானாக உருவாவதில்லை, இருபத்தாறு லட்சம் ஆண்டில் பாதியாகச் சிதைந்துவிடும். ஆகவே பூமி பிறந்தபோது வந்ததாக இருக்க முடியாது. ஏறத்தாழ இருபது, முப்பது லட்சம் ஆண்டுக்கு முன் வெடித்த நட்சத்திரங்கள் தூவிப்போனது அது.

இப்போது 1006ஆம் ஆண்டுக்கு வருகிறேன். மனிதர் பார்த்து எழுதி வைத்தவற்றிலேயே மிகப் பெரிய ஒளி அந்த ஆண்டு சித்திரை, வைகாசியில் வந்தது. கேட்டை நட்சத்திரத்துக்குத் தென்மேற்கே. எகிப்தில் அலி இப்னு ரித்வான் என்ற மருத்துவர், அதன் ஒளி நிலவொளியில் கால் பங்குக்குச் சற்று அதிகம் என்று எழுதினார். சீனர்கள் எழுதினார்கள், ஜப்பானியர்கள் எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்தில் அது தெற்கு மலைகளின் முகட்டைத் தட்டிக்கொண்டு மிகத் தாழ்வாகத்தான் தெரிந்தது. அந்தத் துறவிகளும் எழுதி வைத்தார்கள். தஞ்சாவூரில் அதே நட்சத்திரம் நள்ளிரவில் தென்வானில் பாதி உயரத்துக்கு ஏறி நின்றிருக்கும். இராஜராஜன் ஆட்சி. பெரிய கோயிலுக்குக் கலசம் வைக்க நான்கே ஆண்டு இருந்தது. விளக்குக்கு நெய் கொடுக்க எத்தனை ஆடு விட்டார்கள் என்பதைக்கூடக் கல்லில் வெட்டிய ஊர் அது. வயலுக்குக் காவல் இருந்தவர்களும், ஆட்டுக்கிடை போட்டவர்களும், காவிரியில் ஓடம் தள்ளியவர்களும் கட்டாயம் அதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் இன்று உலகம் 1006ஐப் பற்றிப் பேசும்போது கெய்ரோவையும் சீனாவையும் செயின்ட் காலையும்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பார்த்த கண்கள் நம்மிடம் இருந்தன, அவர்களிடம் போய் யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் இந்த மடல். இந்த முறை எச்சரிக்கை மணி முதலில் அடிக்கும் என்பது உண்மைதான். நட்சத்திரத்தின் நடுப்பகுதி சரியும்போதே நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் கோடானுகோடியாகக் கிளம்பிவிடும், ஒளி பிறகுதான் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். 1987இலும் அவை ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே வந்தன. ஜப்பானில் கமியோகா சுரங்கத்துக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டி, அமெரிக்காவில் ஒன்று, ரஷ்யாவில் ஒன்று, மூன்றிலும் சேர்த்துச் சிக்கியவை இருபத்துச் சொச்சம் துகள்கள்தான். அதற்காக மசாதோஷி கோஷிபாவுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அங்கே 50,000 டன் தண்ணீரோடு அதைவிடப் பெரிய தொட்டி காத்திருக்கிறது. ஆனால் அந்த மணி வானத்தின் எந்தப் பக்கம் என்று தோராயமாகத்தான் காட்டும். வானத்தை அலசும் பெரிய கேமராக்கள் மங்கலானவற்றைப் பிடிக்கச் செய்யப்பட்டவை, ஒளி மிஞ்சிப்போனால் அவை திணறும். அந்த முதல் மணி நேரத்தில், அந்தப் பக்கத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு வெட்டவெளியில் நிற்கும் மனிதக் கண்ணுக்கு வேலை இருக்கிறது.

எனவே வானத்தோடு கொஞ்சம் பழகி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லா நட்சத்திரமும் தெரிய வேண்டாம். மார்கழியிலிருந்து மாசிவரை திருவாதிரை. சித்திரை, வைகாசி இரவுகளில் தென்கிழக்கே எழும் கேட்டை. அதுவும் செந்நிறம், அதுவும் சாகும் வயது. ஒன்று மறையும்போது மற்றது எழும் என்பதால், ஆண்டில் பெரும்பாலான இரவுகளில் இரண்டில் ஒன்று உங்கள் தலைக்கு மேல் இருக்கும். திருவாதிரையைப் பார்க்கும்போது ரோகிணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கமாகத் திருவாதிரைக்குத்தான் ஒளி கொஞ்சம் கூடுதல். ரோகிணிக்குக் கீழே இறங்கியிருந்தால் அதுவே ஒரு செய்தி. வாட்ச்மேன் அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலாளி சம்மதித்தால் தேவையில்லாத ஃபோகஸ் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை செல்போனைத் திறக்க வேண்டாம்.

புதிதாக ஒன்று தெரிந்தால் முதலில் அது நகர்கிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். நகர்ந்தால் விமானம் அல்லது செயற்கைக்கோள். நின்ற இடத்தில் நின்றால் பக்கத்தில் உள்ளவரைக் கூப்பிட்டு, "உனக்கும் தெரிகிறதா?" என்று கேளுங்கள், டைக்கோவே கேட்டார், நாம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. மணியைக் குறியுங்கள். எந்த ஊர், எந்தத் திசை, எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், எதைவிட ஒளி அதிகம், எதைவிடக் குறைவு என்பதை லாக் ஷீட்டின் பின்பக்கமோ சிகரெட் அட்டையோ கையில் கிடைத்ததில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். துஹால்டேயைப் போல வேலைக்குள் போய்விடாமல், அப்போதே யாருக்காவது சொல்லுங்கள். விடிந்ததும் உங்கள் பிள்ளையின் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். காவலூரை நடத்துவது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம்; அங்கே எப்படிச் சேர்ப்பது என்று ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை, இந்த மடல் அவர்கள் கையில் கிடைத்தால்: கைலியோடு ஒருவர் விடியற்காலையில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, வானத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது சார் என்று சொன்னால், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் பெயரை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களோடு விழித்திருந்த ஒரு பழைய முழுநைட்காரன்